கமகம் தாங்கும் கம்பி

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் ஒரு பழைய எலெக்ட்ரிக் கிட்டாரைத் தேடினால் அது பெரும்பாலும் இரண்டு இடங்களில் கிடைக்கும். திருவிழா மேடைகளில் இன்னிசைக் கச்சேரி நடத்திய குழுக்காரர் வீட்டுப் பரணில் ஒன்று இருக்கும். தேவாலயப் பாடகர் குழுவின் அலமாரியில் இன்னொன்று. கீபோர்டு ஒன்றே பத்து வாத்தியங்களின் ஒலியைத் தரத் தொடங்கியபின் இந்தக் கிட்டார்கள் ஓரங்கட்டப்பட்டன. எடுத்துத் துடைத்துப் பார்த்தால் கம்பிகள் துருவேறியிருக்கும், வால்யூம் திருகு கரகரக்கும், ஒயரை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால்தான் சத்தம் வரும்.

இப்படிப்பட்ட கிட்டாரை எடைக்குப் போடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். இசைக்கருவிகளிலேயே வீட்டுப் பட்டறையில் மிக எளிதாகத் திருத்தியமைக்கக் கூடியது எலெக்ட்ரிக் கிட்டார்தான். வயலினின் மேல்பலகையைக் கால் மில்லிமீட்டர் கூடுதலாகச் சுரண்டிவிட்டால் திரும்பப் பெற முடியாது. எலெக்ட்ரிக் கிட்டாரில் ஒலியை முடிவு செய்யும் பாகங்களில் பாதி, திருகைக் கழற்றி மாற்றக் கூடியவை. ரேடியோ மெக்கானிக்கின் சால்டரிங் அயர்ன், ஒரு மல்டிமீட்டர், தச்சரின் அரமும் உப்புத்தாளும் இருந்தால் போதும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு: வாங்கியபோது இருந்த நிலைக்கே அதைத் திருப்புவதோடு நிற்க வேண்டியதில்லை. கமகம் பேசும் கருவியாக, நம் இசைக்கு ஏற்றதாக அதை மாற்றலாம்.

இது கற்பனை இல்லை. ஆந்திரத்தின் பாலகொல்லுவில் 1969இல் பிறந்து, சென்னையை வாழ்விடமாக்கிக்கொண்ட யு. ஸ்ரீநிவாஸ் இதைத்தான் மாண்டலினில் செய்தார். மாண்டலின் என்பது நான்கு ஜோடியாக எட்டுக் கம்பிகள் கொண்ட, தட்டினால் 'டிங்' என்று ஒலித்து உடனே அடங்கிவிடும் கருவி. அவர் ஜோடிக் கம்பிகளை விட்டுவிட்டு ஐந்து ஒற்றைக் கம்பிகளுக்கு மாறினார். உள்ளீடற்ற மரப்பெட்டிக்குப் பதில் திடமான மரக்கட்டை உடலும் மின்காந்தப் பிக்கப்பும் கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலினை எடுத்தார். 1978இல் ஒன்பது வயதில் குடிவாடாவில் முதல் கச்சேரி, 1981இல் சென்னையில் இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி மேடை. 2014இல் அவர் மறைந்தபோது, மாண்டலின் கர்நாடக இசைக் கருவியா என்று கேட்பவர் எவரும் மிச்சமில்லை. 1980களில் எலெக்ட்ரிக் கிட்டாரில் கச்சேரி செய்த சுகுமார் பிரசாத், ராணிப்பேட்டையில் பிறந்து சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து முழுநேரக் கிட்டார் கலைஞரான ஆர். பிரசன்னா ஆகியோர் அதே வழியைக் கிட்டாரில் திறந்தவர்கள்.

ஸ்ரீநிவாஸ் ஏன் மின்சாரத்தை நாடினார்? சத்தம் கூட வேண்டும் என்பதற்காக மட்டும் என்று நினைத்தால் விஷயத்தின் பாதி போய்விடும். கம்பியை மீட்டும்போது நாம் அதற்குக் கொடுப்பது ஒரு சிறிய அளவு ஆற்றல். மரப்பெட்டிக் கருவியில் அந்த ஆற்றல் கம்பியைத் தாங்கும் குதிரை வழியாக மேல்பலகைக்குப் போய், பலகை காற்றை அசைத்து, ஒலியாக வெளியேறுகிறது. ஒலி உரக்கக் கேட்க வேண்டுமானால் ஆற்றல் வேகமாக வெளியேற வேண்டும். வேகமாக வெளியேறினால் கம்பி சீக்கிரம் அடங்கும். கையிலுள்ள பணத்தை ஒரே நாளில் செலவழிப்பவர் மறுநாள் வெறுங்கையோடு நிற்பதைப் போலத்தான் இதுவும். எலெக்ட்ரிக் கருவியில் உரப்பைத் தருவது ஆம்ப்ளிஃபயருக்குள் வரும் மின்சாரம். கம்பி தன் ஆற்றலைச் செலவழிக்க வேண்டியதில்லை. கனமான, திடமான உடல் அதை எளிதில் உறிஞ்சுவதும் இல்லை. அதனால் ஒரு மீட்டில் பிறந்த நாதம் பல விநாடிகள் நிற்கிறது. அந்த விநாடிகளில்தான் இடது கை விரல் கம்பியை இழுத்து, தளர்த்தி, அசைத்துக் கமகத்தை உருவாக்க முடியும். நாதம் நிற்காத இடத்தில் கமகத்துக்கு இடமில்லை.

நாதம் பிறக்கும் இடமான பிக்கப்பைப் பார்ப்போம். 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம்ப், அடால்ஃப் ரிக்கன்பேக்கர் இருவரும் சந்தைக்குக் கொண்டுவந்த கருவியில் இருந்த அடிப்படை இன்றும் மாறவில்லை. காந்தம் ஒன்று; அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். காந்தத்தின் மேலே ஓடும் எஃகுக் கம்பியும் கொஞ்சம் காந்தமாகிறது. கம்பி அதிரும்போது சுருளுக்குள் செல்லும் காந்தப்புலம் கூடிக் குறைகிறது. 1831இல் ஃபாரடே கண்டறிந்தபடி சுருளில் மின்னழுத்தம் தோன்றுகிறது. காற்றையோ மரத்தையோ பிக்கப் கேட்பதில்லை. கம்பி, காந்தத்துக்கு எதிரே எப்படி அசைகிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். நைலான் கம்பி போட்டால் அது ஊமை.

ஒற்றைச் சுருள் பிக்கப் ஒன்றில் சுமார் 8,000 சுற்றுகள் இருக்கும். கம்பியின் தடிமன் 0.063 மி.மீ., தலைமுடி அளவு. மல்டிமீட்டரில் அளந்தால் 6 கிலோ ஓம் வாக்கில் காட்டும். இந்தத் தடிமன் கொண்ட செம்புக் கம்பி மீட்டருக்கு ஐந்தரை ஓம் தடை தரும் என்பதால், உங்கள் உள்ளங்கையில் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டிக்குள் ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட செம்பு சுற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். பழைய கிட்டாரைத் திறந்ததும் செய்ய வேண்டிய முதல் சோதனை இந்த அளவீடுதான். 5 முதல் 9 கிலோ ஓம் வரை காட்டினால் சுருள் உயிரோடு இருக்கிறது. மீட்டர் எதுவும் காட்டவில்லை என்றால் எங்கோ அறுந்திருக்கிறது. பெரும்பாலும் வெளி ஒயரோடு சுருள் சேரும் முனையில்தான் அறுந்திருக்கும், அதை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பற்றவைத்துவிடலாம். உள்ளே அறுந்திருந்தால் முழுதாகச் சுற்ற வேண்டும். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைகள் உண்டு. எனாமல் பூசிய செம்புக் கம்பியைச் சிக்கில்லாமல், எண்ணிக்கை பிசகாமல் சுற்றும் கை அவர்களுடையது. மோட்டாருக்கு இவ்வளவு மெல்லிய கம்பி தேவைப்படாது. 46 கேஜ் கம்பியைத் தனியாகத் தருவித்துக் கொடுக்க வேண்டும், இழுவையையும் மிக மெதுவாக வைக்கச் சொல்ல வேண்டும். வேலை என்னவோ அவர்கள் அன்றாடம் செய்வதுதான்.

சுற்று கூடினால் மின்னழுத்தம் கூடும், சத்தமும் கூடும். ஆனால் குரலும் மாறும். சுருளுக்கு மின்தூண்டல் என்ற பண்பு உண்டு; கிட்டாரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஒயருக்கு மின்தேக்கும் பண்பு உண்டு. இரண்டும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் தூக்கிக்காட்டி, அதற்கு மேலுள்ளவற்றை வெட்டிவிடுகின்றன. சுருளின் தூண்டல் இரண்டரை ஹென்றி என்றும், ஒயர் மீட்டருக்கு 100 பைகோ ஃபாரட் என்றும், கிட்டாரின் உள் இணைப்புகளுக்கு இன்னொரு 100 என்றும் வைத்துக்கொள்வோம். 3 மீட்டர் ஒயரில் அந்த முகடு 5,000 ஹெர்ட்ஸ் அருகே விழுகிறது. அதே கிட்டாரை 6 மீட்டர் ஒயரில் மாட்டினால் 3,800க்கு இறங்கிவிடுகிறது. மேடை பெரிதென்று நீளமான ஒயர் போட்ட நாளில் கிட்டார் ஏன் மந்தமாகப் பேசியது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. விலையுயர்ந்த பிக்கப் வாங்கும் முன் ஒயரைக் குட்டையாக்கிக் கேளுங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். கமகத்தின் நெளிவுகள் தெளிவாகக் கேட்பதும் இந்த மேல் அதிர்வெண்களின் தயவில்தான்.

வால்யூம், டோன் திருகுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கரகரப்புக்குக் காரணம், கரித்தடத்தில் படிந்த தூசு. கான்டாக்ட் கிளீனர் தெளித்து நன்றாகத் திருகினால் பாதிக்கு மேல் சரியாகும். மாற்றுவதானால் ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓம், இரட்டைச் சுருளுக்கு (அதைப் பற்றிக் கீழே) 500. வால்யூமுக்கு மடக்கை வகைதான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். நம் காது ஒலியின் உரப்பைப் பெருக்கல் கணக்கில் உணர்வதால், சீராகக் கூடும் வகையைப் போட்டால் திருகின் முதல் சிறு பகுதியிலேயே எல்லாச் சத்தமும் வந்துவிட்டது போலத் தோன்றும். டோனுக்கு 473 என்று அச்சிட்ட பாலியெஸ்டர் கெபாசிட்டர்: 47க்குப் பின் மூன்று சுழி, அதாவது 47,000 பைகோ ஃபாரட். சில ரூபாய்ப் பொருள். திருச்சியிலோ சென்னை ரிச்சி தெருவிலோ கைப்பிடியாக வாங்கலாம்.

இனி இரைச்சல். பழைய கிட்டார்கள் பரணுக்குப் போனதற்குப் பாதிக் காரணம் இதுவாகவே இருக்கும். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முழுச் சுழற்சிகளாக முன்னும் பின்னும் திசை மாறுகிறது. சுவருக்குள் ஓடும் ஒயர், டியூப்லைட் சோக், ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் தம்மைச் சுற்றி 50 ஹெர்ட்ஸ் புலத்தைப் பரப்புகின்றன. ஃபேனின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் அதோடு கூரான ரீங்காரத்தையும் சேர்க்கிறது. 8,000 சுற்றுள்ள சுருள் இவற்றையெல்லாம் பிடிக்கும் ஆன்டெனாவும்கூட. இங்கே இரண்டு வகை இரைச்சலைப் பிரித்தறிய வேண்டும், ஏனெனில் மருந்தும் இரண்டு. மின்புலத்தால் வருவது கூரான 'ஜ்ர்ர்'; கம்பியில் கை வைத்தால் அது குறையும். கிட்டாரின் உட்குழிகளிலும் மேல்தகட்டின் அடியிலும் செம்புத் தாளை ஒட்டி, எல்லாத் துண்டுகளும் ஒன்றையொன்று தொடும்படி செய்து, ஜாக்கின் பூமி முனையோடு இணைத்துவிட்டால் இது ஏறக்குறைய ஒழியும். காந்தப்புலத்தால் வருவது கனமான 'ம்ம்ம்'. செம்புத் தாள் இதை நிறுத்தாது. எத்தனை அடுக்கு ஒட்டினாலும் பயனில்லை. இதற்கு 1955இல் கிப்சன் நிறுவனத்தில் செத் லவர் தந்த தீர்வு அழகானது. இரண்டு சுருள்கள், ஒன்றில் காந்தத்தின் வடதுருவம் மேலே, மற்றதில் தென்துருவம் மேலே, சுற்றும் திசையும் ஒன்றுக்கொன்று எதிர். வெளியிலிருந்து வரும் இரைச்சலுக்குக் காந்தத் துருவம் ஒரு பொருட்டில்லை, சுற்றுத் திசை மட்டுமே கணக்கு. ஆகவே இரண்டு சுருள்களிலும் அது எதிரெதிராகத் தோன்றி அடிபட்டுப் போகிறது. கம்பியின் ஒலிக்குத் துருவமும் திசையும் இரண்டுமே தலைகீழாவதால், இரண்டு சுருள்களிலும் ஒரே திசையில் பிறந்து கூடிக்கொள்கிறது.

இந்த இடத்தில் ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். கிட்டாரின் எஃகுக் கம்பிகள் குதிரை வழியாக ஆம்ப்ளிஃபயரின் பூமி இணைப்போடு சேர்ந்திருக்கின்றன. அதாவது, கைகள் எப்போதும் தொட்டுக்கொண்டிருக்கும் உலோகம் ஆம்ப்ளிஃபயரின் இரும்புச் சட்டத்தோடு ஒரே இணைப்பு. அந்தச் சட்டத்துக்கு எர்த் இல்லாமல், உள்ளே ஒரு ஒயரின் காப்பும் கெட்டுப்போயிருந்தால், 230 வோல்ட் நேரே கம்பிக்கு வந்துவிடும். மூன்று முள் பிளக்கின் பெரிய முள்ளை உடைத்து இரண்டு முள் சாக்கெட்டில் செருகும் பழக்கம் உயிரைக் குடிக்கக் கூடியது. கோயில் பந்தலின் தற்காலிக இணைப்பில் கிட்டார்காரர் ஒரு கையில் கம்பியும் எதிரே மைக்குமாக நிற்கும்போது ஆபத்து இரு மடங்கு. வாசிக்கும் அறையின் சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா என்பதை ஒரு எலெக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள். 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச் ஒன்றைப் போடுங்கள். டெஸ்டரைக் கம்பியில் வைத்து அது எரிந்தால், மற்ற எல்லா வேலையும் அப்புறம்தான்.

பிக்கப்பில் இன்னொரு நோய் உண்டு. சத்தத்தைக் கூட்டியதும் 'கீ' என்று கூவும். தளர்வாகச் சுற்றிய சுருளின் இழைகள் ஸ்பீக்கர் ஒலிக்குத் தாமே அதிர்ந்து, அந்த அதிர்வும் மின்னழுத்தமாகி, மறுபடி ஸ்பீக்கருக்குப் போய்ச் சுழல்வதால் வரும் கூச்சல் அது. எட்டி வேன் ஹாலன் தன் கையால் ஒட்டுப்போட்டு உருவாக்கிய புகழ்பெற்ற கிட்டாரில் பிக்கப்பை உருகிய பாரஃபின் மெழுகில் முக்கி இதைத் தீர்த்தார். செய்வது எளிது: நாலு பங்கு பாரஃபினுக்கு ஒரு பங்கு தேன்மெழுகு, பாத்திரத்தை நேரடியாக அடுப்பில் வைக்காமல் வெந்நீருக்குள் வைத்து உருக்க வேண்டும், வெப்பம் 65 டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சுருளின் பிளாஸ்டிக் சட்டம் வளையும். காற்றுக் குமிழிகள் வருவது நின்றதும் எடுத்து ஆறவிடலாம்.

தேன்மெழுகு என்றதும் நம் நினைவு தஞ்சாவூருக்குப் போகும். வீணையின் 24 மெட்டுகளும் மெழுகும் கரித்தூளும் கலந்த கரைகளின் மேல்தான் பதிக்கப்படுகின்றன. அந்த மெழுகுக் கரைகளுக்கு நடுவே வெற்றிடம் இருக்கிறது. வீணை வாசிப்பவர் தந்தியை அழுத்தும்போது விரலுக்குக் கீழே மரம் தட்டுவதில்லை; தந்தி மெட்டின் மேல் மட்டும் உட்கார்ந்திருக்கிறது, விரல் அதைத் தாராளமாகப் பக்கவாட்டில் இழுக்கிறது. கிட்டாரில் அப்படி இல்லை. மெட்டு ஒரு மில்லிமீட்டர் உயரம்தான். இழுக்கும்போது விரல் நுனி பலகையில் உரசுகிறது, கம்பி நகத்தடியிலிருந்து நழுவுகிறது. கிட்டாரைக் கமகத்துக்கு மாற்றும் பணியின் நடு வேலை இங்கேதான்: மெட்டுகளுக்கு இடைப்பட்ட மரத்தை மென்மையான பள்ளமாகச் செதுக்குவது. 1970களில் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லின், கடம் விக்கு விநாயக்ராம், எல். சங்கர், ஜாகிர் ஹுசைன் ஆகியோரோடு 'சக்தி' குழுவில் வாசித்தபோது அவருக்கென்று செய்யப்பட்ட கிப்சன் கிட்டாரின் விரற்பலகை இப்படிப் பள்ளமாக்கப்பட்டிருந்தது. பின்னாளில் அதே குழுவின் தொடர்ச்சியில் அவருக்கு அருகே அமர்ந்து வாசித்தவர் ஸ்ரீநிவாஸ்.

இந்த வேலைக்குப் பெரம்பலூர்க்காரர்கள் ஊரைவிட்டு வெளியே போக வேண்டியதில்லை. பச்சைமலை அடிவாரத்தில் இருக்கும் அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாகை, மா, வேம்பு போன்ற மரங்களில் தெய்வ உருவங்களைச் செதுக்கும் அந்தச் சிற்பிகளுக்கு மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது, உளி எந்தத் திசையில் போனால் சிம்பு பெயரும் என்பது கையிலேயே பதிந்திருக்கும் அறிவு. கிட்டார் கழுத்தை அவர்களிடம் கொண்டுபோய்க் காட்டலாம்; நாமே செய்வதானாலும் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் செய்யலாம். மெட்டுகளின் மேல் டேப் ஒட்டி மூடிவிட வேண்டும். மெட்டு பதிந்திருக்கும் காலடி மரத்தைத் தொடக் கூடாது, அங்கே பிடிமானம் போய்விடும். வட்ட அரத்தால் நடுவில் தொடங்கி, குழாயில் சுற்றிய உப்புத்தாளால் முடிக்கலாம். விரற்பலகை சாதாரணமாக 5, 6 மி.மீ. தடிமன்; ஒன்றரை மி.மீ. ஆழம் போதும். அதற்கு மேல் போனால் இடம் காட்டும் வெள்ளைப் புள்ளிகளே பெயர்ந்துவிடும். செதுக்கிய பலகையில் தேவைக்கு மேல் அழுத்தினால் சுரம் தானாக ஏறிவிடும், ஆகவே வாசிப்பவர் மெதுவாகத் தொடப் பழக வேண்டும். வீணைக்காரர்கள் பிறந்ததிலிருந்து இப்படித்தான் தொடுகிறார்கள்.

எலெக்ட்ரிக் கிட்டாரில் மரத்தின் பங்கு என்ன என்பது பற்றிப் பெரிய வாதங்கள் உண்டு. உடலின் மரம் குரலை மாற்றுவது மிகக் கொஞ்சம் என்பதே என் முடிவு. பிக்கப் கேட்பது கம்பியை மட்டுமே என்று முன்பே பார்த்தோம். கழுத்தின் மரம் வேறு விஷயம். ஆறு கம்பிகளும் சேர்ந்து சுமார் 46 கிலோ எடையின் இழுவையில் அதை வளைத்துக்கொண்டிருக்கின்றன. பெரம்பலூரின் மே மாத வெயிலில் மரம் ஈரத்தை விட்டுச் சுருங்குகிறது. ஐப்பசி மழையில் ஈரம் குடித்து விரிகிறது. 12ஆம் மெட்டில் கம்பியின் உயரம் கோடைக்கும் மழைக்கும் இடையே கண்ணுக்குத் தெரியும்படி மாறும். கழுத்துக்குள் ஓடும் எஃகுத் தண்டை ஒரே தடவையில் முழுச் சுற்றுத் திருகக் கூடாது; கால் சுற்று திருகி, ஒரு நாள் விட்டுப் பார்க்க வேண்டும். ஈரத்துக்கு அசையாத மரம் இந்த மாவட்டத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு: சாத்தனூரில் கிடக்கும், 12 கோடி ஆண்டுப் பழைய, 18 மீட்டர் நீளக் கல்மரம்.

கம்பியைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. கமகத்துக்காகக் கம்பியை இழுத்தால் அறுகிறது என்று புகார் சொல்பவரிடம் கடைக்காரர் சொல்லும் யோசனை, மெல்லிய கம்பி போடுங்கள் என்பது. கணக்குப் போட்டால் வேறொன்று தெரிகிறது. அறுபடுவதை முடிவு செய்வது கம்பி தாங்கும் மொத்த இழுவை இல்லை. ஒரு சதுர மில்லிமீட்டர் வெட்டுமுகத்துக்கு எவ்வளவு இழுவை என்பதுதான். அது எஃகின் அடர்த்தி, கம்பியின் நீளம், அதிர்வெண் மூன்றை மட்டுமே சார்ந்தது. தடிமன் அந்தக் கணக்கிலேயே வருவதில்லை. 648 மி.மீ. நீளமுள்ள கிட்டாரில் முதல் கம்பியை வழக்கமான 330 ஹெர்ட்ஸுக்குச் சுருதி கூட்டினால், '10' என்ற தடிமன் எண் கொண்ட கம்பியின் இழுவை 7.4 கிலோ, '9' கம்பியில் 6 கிலோ. ஆனால் இரண்டிலும் சதுர மில்லிமீட்டருக்கு 146 கிலோதான். இசைக்கம்பி எஃகு தோராயமாக 250 கிலோவில் அபாயக் கட்டத்தைத் தொடும் என்று வைத்துக்கொண்டால், இழுவையை 1.7 மடங்குக்கு மேல் ஏற்ற முடியாது. அதிர்வெண், இழுவையின் வர்க்கமூலத்தில் ஏறுவதால், அது நான்கரை அரைச்சுரத்தில் முடிந்துவிடுகிறது. கம்பி குதிரையின் கூர்விளிம்பில் மடங்கும் இடத்தில் இன்னும் முன்னதாகவே அறுந்துவிடும். அந்த விளிம்பை நுண்ணிய உப்புத்தாளால் மழுக்கிவிடுவது ஐந்து நிமிட வேலை.

சரி, வழி என்ன? சுருதியை இறக்குவதுதான். முழுக் கிட்டாரையும் இரண்டு அரைச்சுரம் கீழே வைத்தால் அழுத்தம் சதுர மில்லிமீட்டருக்கு 116 கிலோவாகக் குறைந்து, இழுக்கக் கிடைக்கும் இடம் ஆறரை அரைச்சுரமாக விரிகிறது. இறக்கியதால் கம்பி தொளதொளக்கும் என்று தயங்க வேண்டாம்: இப்போது ஒரு படி தடித்த '11' போடுங்கள். இழுவை 7.1 கிலோ; விரலுக்கு ஏறக்குறையப் பழைய உணர்வு. அழுத்தம் குறைவாக இருக்கும் கம்பியில் அதே கமகத்துக்குத் தேவையான நீட்சியும் குறைவு என்பதால் விரல் நகர வேண்டிய தூரமும் சுருங்குகிறது. மெல்லிய கம்பிக்குப் போவதற்கு நேர் எதிரான இந்த வழிதான் கமகத்துக்குச் சரியானது.

வீட்டுப் பட்டறை வேலை என்றால் தரத்தில் இரண்டாம்பட்சம் என்று நினைப்பவருக்காக ஓர் உதாரணம். 1963இல் லண்டன் அருகே, பள்ளி மாணவர் பிரையன் மே தன் தந்தையோடு ஒரு கிட்டார் செய்யத் தொடங்கினார். கழுத்துக்குப் பழைய கணப்பு அடுப்பின் மேல்சட்ட மரம். ஸ்பிரிங்குக்குப் பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள். புள்ளிகளுக்கு அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். முடிக்க ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. குயீன் குழுவின் இசைத்தட்டுகளில் நாம் கேட்பது அந்தக் கிட்டாரைத்தான்.

எல்லாம் பூட்டி முடித்தபின் மிஞ்சுவது சுருதிச் சோதனை. 12ஆம் மெட்டில் அழுத்தி வரும் ஒலியும், அதே இடத்தில் லேசாகத் தொட்டு எழுப்பும் மேல் ஸ்தாயி ஒலியும் ஒன்றாக இருக்கும்வரை குதிரையில் கம்பி அமரும் சேணத்தை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். அழுத்திய ஒலி கூடுதலாக இருந்தால் சேணம் பின்னுக்குப் போக வேண்டும். அதற்குப் பிறகும் ஒரு வேறுபாடு மீதமிருக்கும். வீணை மெட்டுகளைக் காதால் கேட்டு மெழுகில் நகர்த்தி நிறுத்துகிறார்கள். கிட்டார் மெட்டுகளோ, ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரித்து மரத்தில் அறுத்த வெட்டுகளில் பதிந்தவை. ஸ்தாயியை 1,200 சென்ட் என்று கணக்கிட்டால், தம்புராவோடு இழையும் அந்தர காந்தாரம் ஷட்ஜத்திலிருந்து 386 சென்டில் இருக்கிறது; கிட்டார் மெட்டு தருவது 400. அந்தப் 14 சென்ட் வித்தியாசம், சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு நீட்டி நிறுத்தினால் காதில் உறுத்தும். கம்பியை இழுத்தால் சுரம் ஏறுமே தவிர இறங்காது. ஆகவே அந்த மெட்டில் வைத்துச் சரிசெய்ய முடியாது. ஒரு மெட்டுக் கீழே, சாதாரண காந்தாரத்தின் 300 சென்டில் விரலை வைத்து 86 சென்ட் இழுக்க வேண்டும். பள்ளமாக்கிய பலகையில் அதற்குக் கம்பியின் இழுவை பத்து சதவீதம் கூடினால் போதும். விரல் அந்த இடத்தைக் காதைக் கேட்டே கண்டுபிடித்துவிடும்.